சேனை தொட்ட விரல்

போடிநாயக்கனூர்
6 ஜனவரி 1914, செவ்வாய் இரவு

அன்புள்ள அக்கா,

ராமுத்தாய் எழுதுகிறேன். எழுத்து கோணிக்கொண்டு போகிறதே என்று பார்க்காதே. போர்டிங் அடுப்படியில் அம்மிக்கும் விறகுக்கும் நடுவில் உட்கார்ந்து, சிம்னி விளக்கின் திரியைக் குறைத்து வைத்து எழுதுகிறேன். இங்கிருந்து போகிற கடிதங்களையெல்லாம் மேட்ரன் ஆயம்மாள் படித்துவிட்டுத்தான் உறையில் போடுவார். இதை அவர் படிக்கக் கூடாது. காலையில் மோர் கொண்டுவருகிற கருத்தம்மாள் உங்கள் ராசிங்காபுரத்துக்காரிதானே, அவளிடம் கொடுத்துவிடுவேன்.

நேற்று தேவாரத்திலிருந்து அப்பா வந்திருந்தார். உட்காரக்கூட இல்லை.

"ஏழாங்கிளாசு முடியப் போகுது. இன்னும் என்னத்தப் படிக்கப் போற? உங்கத்தை மகன் சோணைக்கு வைகாசியில முடிச்சுறலாம்னு இருக்கேன்" என்றார்.

சோணை கெட்டவன் இல்லை. மனிதர்களிடம் பேசுவதைவிட மாட்டிடம் அதிகம் பேசுவான், அவ்வளவுதான். ஆனால் அக்கா, எனக்கு மதுரைக்குப் போய் டீச்சர் டிரெயினிங் படிக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு பெண்ணை எங்கள் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாள் இங்கிருந்து அனுப்புகிறார். இந்த வருஷம் மலைக்கூட்டத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கப் போகிறாராம். குரங்கணிக்கு மேலே ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் வாலிபர்களுக்கு மூன்று நாள் தியானக் கூட்டம். இம்மாதம் இருபத்திரண்டாம் தேதி தொடங்குகிறது. கடைசி நாள் சாயங்காலம் காய் பறிக்கிற ஆட்களை உட்கார வைத்து, பெரிய வகுப்புப் பெண்கள் ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டும். யார் நன்றாகச் சொல்கிறாளோ அவள் மதுரைக்கு.

இதையெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னேன். கடைசியில் அவர் சொன்னது இது: "அந்தம்மா உன்னைய எடுத்தாப் போ. நான் மறிக்கல. எடுக்கலைன்னா வைகாசியில கல்யாணம். ஆனா வயசுப் புள்ளைய மலைக்குத் தனியா விடமாட்டேன். உங்கக்கா கூட வந்தாப் போ. வரலைன்னா அந்த வாரமே வண்டியக் கட்டிட்டு வந்துருவேன்."

மேட்ரனுக்குக் கல்யாணப் பேச்சு தெரிந்தால், எப்படியும் போகப் போகிறவள் என்று என் பெயரையே எடுத்துவிடுவார். அதனால்தான் இந்த ஒளிவு.

நீ வருவாயா? ஒரே ஒரு இடைஞ்சல் இருக்கிறது. பால்குடிப் பிள்ளைகளைக் கூட்டத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்று விதி. பிள்ளையை மூன்று நாள் உன் மாமியாரிடம் விட்டுவிட்டு வர முடியுமா? ஆட்டுப்பால் கொடுக்கலாம் என்று சமையல்காரம்மா சொல்கிறார்.

யாரோ நடக்கிற சத்தம்.

பூனைதான். இருந்தாலும் நிறுத்துகிறேன்.

உன் ராமு


ராசிங்காபுரம்
9 ஜனவரி, வெள்ளி

ராமு,

உன் கடிதம் மோர்க் கலயத்தோடு வந்து சேர்ந்தது. பாதி எழுத்தை மோர் குடித்துவிட்டது. மீதியைப் படித்ததற்கே எனக்கு வயிறு எரிகிறது.

பிள்ளை, பிள்ளை என்று எழுதியிருக்கிறாய். அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஆசீர்வாதம். உன் மச்சான் வைத்த பெயர். என் மாமியாருக்கு அது வாயில் நுழையவில்லை என்று சுருளி என்று கூப்பிடுகிறார். நீ ஏதாவது ஒன்றைச் சொல்லியாவது கேட்டிருக்கலாம். குப்புற விழுந்துவிட்டானா, சிரிக்கிறானா, ஒன்றும் இல்லை. ஆட்டுப்பால் கொடு என்கிறாய்.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வண்டியில் அவனைத் தூக்கிக்கொண்டு போடிக்கு வந்தது யாருக்காக? அவன் சித்தியைக் காட்டத்தான். நீ வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு போர்டிங் பெண்களோடு போனாய். கூப்பிட்டேன். திரும்பவில்லை. அன்று ராத்திரி உன் மச்சான் "உந்தங்கச்சி பெரிய படிப்பாளி ஆயிட்டா" என்று கேலி செய்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று நாள் பால் கொடுக்காமல் இருந்தால் ஒரு தாய்க்கு என்ன ஆகும் என்று உங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. போன மாதம் கேப்பை அறுப்புக்குப் போய்த் திரும்பக் கொஞ்சம் நேரமானதற்கே மார்பு கல்லாகக் கட்டி, காய்ச்சல் வந்து, கையைத் தூக்க முடியாமல் கிடந்தேன். அவன் ஒரு பக்கம் அழுகிறான், நான் ஒரு பக்கம் அழுகிறேன். என் மாமியார் நடுவில் நின்று ரெண்டு பேரையும் திட்டுகிறார்.

நீ மதுரைக்குப் போக வேண்டும் என்பதில் எனக்கு ஆசை இல்லையா? அம்மா போன பிறகு உன் தலையில் எண்ணெய் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினவள் நான். வருகிறேன். ஆனால் வந்தால் ரெண்டு பேராக வருவேன். அவன் இல்லாமல் மலையடிவாரம்கூட வரமாட்டேன்.

மிஸ்ஸியம்மாளிடம் கேள். நீயே போய்க் கேள். எனக்குப் பதிலாகவும் யாரும் கேட்கப் போவதில்லை, உனக்குப் பதிலாகவும் யாரும் கேட்கப் போவதில்லை.

மருதாயி


போடிநாயக்கனூர்
12 ஜனவரி, திங்கள் இரவு

அக்கா,

கேட்டுவிட்டேன். அதை எழுதுவதற்கு முன்னால் இன்னொன்றை எழுத வேண்டும்.

கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்ததும் நான் உன்னிடம்தான் ஓடி வந்தேன். தூணுக்கு இந்தப் பக்கம் வந்தபோது உன் மாமியார் பக்கத்து அம்மாளிடம் பேசுவது காதில் விழுந்தது. ஆர்மோனியம் முழங்கியதும் ஆசீர்வாதம் வீறிட்டு அழுதானே, அதைப் பற்றித்தான் பேச்சு.

"பயந்தாங்கொள்ளி தொட்ட சேனை, வேற எப்படி இருக்கும்? எந்தம்பி ராக்கையா தொட வேண்டியது. புலிய வெரட்டுன கையி. அவன் வரப்பேறி வீடு வர்றதுக்குள்ள இந்தப் பொண்ணு வெரலத் தேன்ல முக்கிருச்சு."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் துளி தேனை யார் வைக்கிறார்களோ அவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்று ஊரே சொல்கிறது. உன் பிரசவத்துக்கு வந்திருந்த என்னை நீதான் கட்டிலில் கிடந்தபடி கூப்பிட்டாய். நானும் யோசிக்காமல் தொட்டுவிட்டேன். எனக்குப் பல்லி பயம், இடி பயம், மேட்ரன் அடிக்கிற மணி பயம். அவ்வளவும் அந்த ஒரு துளியில் அவனுக்குள் போயிருக்கும். இன்னொரு தடவை தொட்டால் இன்னும் போகுமோ என்றுதான் தள்ளிப் போனேன். இதெல்லாம் வீண் நம்பிக்கை என்று போதகர் பிரசங்கத்தில் சொல்கிறார். பகலில் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

இனி, அனுமதி கேட்ட கதை. முதலில் மேட்ரனிடம் கேட்டேன். அவர் சாப்பாட்டு வரிசை முழுக்கக் கேட்கும்படி, "மலைக்கு யாராச்சும் பச்சப்புள்ளையத் தூக்கிட்டுப் போவாகளா? அது தியானக் கூட்டமா, தொட்டில் கட்டுற எடமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அப்பாவின் வண்டி மாடுகள் கண்ணுக்குள் நின்றன.

சாயங்காலம் மிஸ்ஸியம்மாள் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் எதையும் புத்தகத் தமிழில்தான் பேசுவார். "குழந்தை அழுதால் மற்றவர்களின் தியானம் கலையும் அல்லவா?" என்றார்.

"அழுதால் நான் உடனே வெளியே தூக்கிக்கொண்டு போய்விடுவேன் அம்மா" என்றேன். வாய்தான் சொன்னது. நான் சொல்லவில்லை.

"நீ கதை சொல்ல வேண்டிய நேரத்தில் அழுதால்?"

"அப்போதும் போய்விடுவேன்."

வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வாக்கைக் காப்பாற்ற வேண்டும், ராமுத்தாய்" என்று மட்டும் சொன்னார். நீ அவனைக் கொண்டுவரலாம் அக்கா.

ஆனால் வாக்குக் கொடுத்தபிறகுதான் யோசித்தேன். எனக்கு அவனைத் தூக்கவே தெரியாது. பிறந்தன்று பார்த்ததுதான். தலை நிற்கிறதா? எந்தக் கையை எங்கே கொடுக்க வேண்டும் என்று எழுது.

ராமு


ராசிங்காபுரம்
15 ஜனவரி, வியாழன்

என் தாயி ராமு,

தலை எல்லா மனிதருக்கும் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. நன்றாகவே நிற்கிறது. ஒரு கையை அடியில் கொடு, ஒரு கையை முதுகில் கொடு, தோளில் சாய்த்துக்கொள். மீதியை அவன் பார்த்துக்கொள்வான். முடியைப் பிடித்து இழுப்பான். அதற்குப் பயப்படாதே, வலிக்க மட்டும் செய்யும்.

தூணுக்குப் பின்னால் இருந்து கேட்டதை அன்றே என்னிடம் கேட்டிருந்தால் ஒன்று சொல்லியிருப்பேன். இப்போது சொல்கிறேன். சேனை தொட உன்னை ஏன் கூப்பிட்டேன் தெரியுமா? அம்மா செத்த வருஷம் நீ என் பக்கத்தில்தான் படுப்பாய். ராத்திரி எனக்கு விழிப்பு வரும்போதெல்லாம் உன் விரல் என் மூக்குக்குக் கீழே இருக்கும். எனக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாய். நான் தூங்குகிற மாதிரியே கிடப்பேன். ராக்கையா மாமா புலியை விரட்டியிருக்கலாம். சொந்த மகன் காய்ச்சலில் அனத்தியபோது போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கின மனிதர் அவர். என் பிள்ளைக்கு யார் குணம் வர வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

இதை என் மாமியாரிடம் சொல்லவில்லை. சொன்னால் மலைக்குப் போகும் பேச்சே நின்றுவிடும். கோயிலில் முதல் வரிசையில் உட்காருகிறவர், வீட்டுக்கு வந்ததும் பேரன் கையில் வசம்பு கட்டுகிறார். "குளுருல பிள்ளை வெறைச்சுப் போச்சுன்னா உங்க மிஸ்ஸியம்மாவா வந்து எந்திரிக்க வைப்பா?" என்று நேற்றெல்லாம் முறைத்துக்கொண்டே இருந்தார். இன்று காலை எழுந்து பார்த்தால், தன்னுடைய கம்பளியை அவன் அளவுக்கு வெட்டித் தைத்து வைத்திருக்கிறார்.

உன் மச்சான் குரங்கணி வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விடுவார். அதற்கு மேல் நடை. பொதிமாடு ஒன்று கிடைத்தால் துணி மூட்டையை அதில் ஏற்றலாம். பிள்ளையை நான் முதுகில் கட்டிக்கொள்வேன்.

இன்னொன்று. கடைசி நாள் கீர்த்தனையை நான் எடுத்துப் பாட வேண்டும் என்று போதகர் அம்மாள் சொல்லி அனுப்பியிருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் போடிக் கோயிலில் பாடினவள் என்று நினைவு வைத்திருக்கிறாரே. இவன் பிறந்த பிறகு அடுப்புக்கும் தொட்டிலுக்கும் நடுவில் முணுமுணுத்ததோடு சரி. உனக்காகத்தான் வருகிறேன் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். உன்னிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். எனக்கும் வர வேண்டும் போலிருக்கிறது.

மருதாயி


ராசிங்காபுரம்
26 ஜனவரி, திங்கள்

ராமு,

மலையிலிருந்து இறங்கிய நேரத்திலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே, கூட்டிப்போக வந்த உன் மச்சானோடு கிளம்பி வந்துவிட்டேன். நீங்களெல்லாம் ஆராதனை முடித்து மெதுவாக வருவீர்கள் என்று தெரியும். நின்றிருக்கலாம். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்தை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். காய் உலர்த்தி வைக்கிற ஏலக்காய் ஸ்டோருக்குள் அத்தனை ஜனம். தகரக் கூரை. நான் எழுந்து பாட ஆரம்பித்தபோது அவன் உன் பக்கத்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டாம் சரணத்தில் கூட்டத்துக்கு வந்த பையன்கள் டோலக்கை அடித்தார்கள். தகரம் அதிர்ந்தது. அவன் வீறிட்டான்.

எனக்குக் கேட்டது ராமு. காதுக்கு மட்டும் இல்லை, உடம்புக்கே கேட்டது. பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. ஆனால் வாய் பாடிக்கொண்டே இருந்தது. நிறுத்த மனம் வரவில்லை. எத்தனை நாளைக்குப் பிறகு என் குரல் ஒரு கூரையைத் தொடுகிறது. நீ அவனை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்களைத் தாண்டித் தாண்டி வெளியே போனதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே பாடினேன்.

பாட்டு முடிந்ததும் உன் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். இன்னொரு தடவையும் கூப்பிட்டார்கள். "மருதாயி தங்கச்சி வெளியே போயிருக்கிறாள்" என்று யாரோ சொன்னார்கள். நான் எழுந்து ஓடி வந்திருக்க வேண்டும். அதற்குள் உன்னோடு படிக்கிற உபதேசியார் மகள் எழுந்துவிட்டாள். தண்ணீர் ஓடுகிற மாதிரி சொன்னாள். எல்லோரும் கேட்டார்கள். மிஸ்ஸியம்மாள் இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது. உன்மேல் கோபித்துக்கொண்டு போய்விட்டாரோ என்று எனக்கு உயிர் போய்விட்டது.

நீ திரும்பி வந்தபோது அவன் உன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை என் மடியில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டாய்.

பிள்ளையைக் கொண்டுவந்தால்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். அவனை உன் தலையில் கட்டிவிட்டுப் பாடினவளும் நான். அப்பாவிடம் நான் போய்க் காலில் விழட்டுமா? கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்கட்டுமா? கருத்தம்மாளிடம் பதில் கொடுத்தனுப்பு. திட்டியாவது எழுது.

மருதாயி


போடிநாயக்கனூர்
29 ஜனவரி, வியாழன் இரவு

அக்கா,

அப்பாவிடம் போகாதே. முதலில் இதைப் படி.

அன்று கதவைத் தாண்டி வெளியே வந்தபோது முன்னால் ஒன்றுமே தெரியவில்லை. அவ்வளவு மூடுபனி, மஞ்சு என்கிறார்கள் அங்கே. குளிர் முகத்தில் அறைந்ததும் அவன் இன்னும் அதிகமாக அழுதான். நீ சொன்ன மாதிரிதான் பிடித்திருந்தேன், ஒரு கை அடியில், ஒரு கை முதுகில். எங்கே போவது என்று தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டே பின்பக்கம் போனேன்.

அங்கே காய் உலர்த்துகிற உலையின் வாய் இருக்கிறது. நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு பிள்ளை. ஒன்று பால் குடித்துக்கொண்டிருந்தது, ஒன்று தூங்கியது, ஒன்று நெருப்பைப் பார்த்துச் சிரித்தது.

"கொச்சு பயந்து போச்சு மோளே. இங்கிட்டு வா, சூட்டுல வந்து நில்லு" என்றாள் ஒருத்தி. இருளம்மாள் என்று பெயர். அந்தப் பக்கத்து மலையாளம் பாதியும் நம் பேச்சு பாதியுமாகப் பேசினாள். "பசியா? எங்கிட்டக் குடு. ஒரு வாய் குடிக்கட்டும்."

"பசி இல்லை, பயம்" என்றேன். "நீங்கள் ஏன் உள்ளே வரவில்லை?"

"கைப்புள்ளக்காரி வரப்படாதாம்ல. மேஸ்திரி சொன்னாரு."

அவன் அழுகையை நிறுத்தவில்லை. எனக்குத் தாலாட்டு ஒன்றும் தெரியாது அக்கா. அம்மா பாடியிருந்தாலும் எனக்கு நினைவில் இல்லை. அந்த நேரத்தில் என் தலைக்குள் இருந்தது ஒன்றே ஒன்றுதான். பல நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்த காணாமல் போன ஆட்டின் கதை. அதை அவன் காதில் மெல்லச் சொல்லிக்கொண்டே நடந்தேன். மேய்ப்பன் ஒருவன் இருந்தான், அவனுக்கு ஒரு மந்தை இருந்தது என்று. அவன் விக்கினான். கேட்டான். நான் நிறுத்தினால் அழுதான். அதனால் நிறுத்தவில்லை.

"என்னத்த முணுமுணுக்குற? சத்தமாச் சொல்லு. நாங்களும் கேக்கம்ல" என்றாள் இருளம்மாள்.

சத்தமாகச் சொன்னேன். ஒரு ஆட்டைத் தேடி மேய்ப்பன் புறப்பட்டுப் போன இடம் வந்ததும் ஒருத்தி மறித்தாள்.

"மத்த ஆட்டையெல்லாம் யார்கிட்ட விட்டுட்டுப் போனான் அவன்?"

"பொண்டாட்டிகிட்டத்தான்" என்றாள் இன்னொருத்தி.

"அப்ப நம்ம வீட்டுக் கதைதான். சொல்லு, சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அதே பெண் கேட்டாள்: "அது சரி. பொழுதடைஞ்சு மந்தைய அடைக்கிற நேரம். இந்த மஞ்சு மாதிரி மஞ்சு. ஒண்ணு கொறையுதுன்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

வகுப்பில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே ஒட்டிக்கொள்ள நேரம் இல்லை. நான் பேச்சை நிறுத்திய உடனே ஆசீர்வாதம் உதட்டைப் பிதுக்கினான். ஏதாவது சொல்ல வேண்டும். சொன்னேன்.

"குட்டி கத்துச்சு. காணாமப் போனது குட்டி போட்ட ஆடு. பட்டிக்குள்ள குட்டி மட்டும் நின்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. அதுல தெரிஞ்சுக்கிட்டான்."

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி தன் பிள்ளையை மாராப்புக்குள் இழுத்துக்கொண்டாள். "ஆமா. குட்டி கத்துனாத் தெரியும்" என்றாள் இருளம்மாள்.

மீதியையும் சொன்னேன். அவன் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்ததையும், இறக்கி விடுவதற்குள் குட்டி தாவி மடியை முட்டியதையும். முடித்தபோது என் கழுத்தில் அவன் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. பழக்க தோஷம், விரலை மூக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். தூங்கிவிட்டான்.

அப்போதுதான் சுவரோரம் லாந்தர் வெளிச்சம் தெரிந்தது. மிஸ்ஸியம்மாள் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது.

"வேதத்தில் அந்தக் குட்டி இல்லையே, ராமுத்தாய்" என்றார்.

"இல்லை அம்மா" என்றேன். அவன் எழுந்துவிடாதபடி முதுகில் இருந்த கையை எடுக்கவில்லை.

அவர் அந்தப் பெண்களிடம் திரும்பி, "நீங்கள் ஏன் வெளியே இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"நீங்கதானம்மா வரப்படாதுன்னு சொன்னீக" என்றாள் இருளம்மாள்.

அவர் லாந்தரை அவர்கள் பக்கத்தில் வைத்துவிட்டு இருட்டிலேயே திரும்பிப் போனார். வேதத்தைத் திருத்திவிட்டேன், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அதனால்தான் உன்னிடம் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டேன். உன்மேல் கோபம் என்று நீ நினைத்திருக்கிறாய்.

நேற்று சாயங்காலம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கதவருகிலேயே நின்றேன். கிட்டே வரச் சொன்னார்.

"கூட்டத்தில் நன்றாகச் சொல்லும் பெண்ணைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தேன். உபதேசியாரின் மகள் மிக நன்றாகச் சொன்னாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "ஆனால் கேட்க வேண்டியவர்கள் அன்றைக்கு வெளியே இருந்தார்கள். அந்த விதியை எழுதியவள் நான். அடுத்த வருடம் அது இருக்காது. உபதேசியாரின் மகள் அப்போது போகலாம். ஜூன் மாதம் நீ மதுரைக்குப் போகிறாய். உன் அப்பாவுக்கு எழுதிவிட்டேன்."

கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். கதவு வரைக்கும் போனபிறகு மறுபடி கூப்பிட்டார்.

"அந்தக் குட்டியை மட்டும் இனிமேல் விட்டுவிடு."

"சரி அம்மா" என்றேன். விடுவேன் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீ பாடினதற்கு அழாதே அக்கா. அந்தப் பாட்டு சுவரைத் தாண்டி உலை வரைக்கும் கேட்டது. "யாரு பாடுறது?" என்று இருளம்மாள் கேட்டாள். இந்தப் பிள்ளையின் ஆத்தா என்றேன். "அப்ப பாடட்டும். பிள்ளைய நாம பாத்துக்கிருவம்" என்றாள்.

ராமு


ராசிங்காபுரம்
9 பிப்ரவரி, திங்கள்

ராமு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை உன் மச்சானுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். உள்ளே என் மாமியார் உரல் இடித்துக்கொண்டிருந்தார். நடுவில் உலக்கைச் சத்தம் நின்றது. நான் முடித்தபிறகுதான் திரும்பக் கேட்டது.

அப்பா சனிக்கிழமை இங்கே வந்தார். மிஸ்ஸியம்மாளின் கடிதத்தை மடியிலிருந்து எடுத்து உன் மச்சானிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். ஏற்கெனவே தேவாரத்தில் ரெண்டு பேரிடம் கொடுத்துப் படித்துக் கேட்டிருக்கிறார், தாள் மடிப்பு கிழிந்து கிடந்தது. கேட்டுவிட்டு, "சொன்ன சொல்லு சொன்னதுதான். போகட்டும். சோணைக்கு வேற எடம் பாப்பம். அவனுக்கென்ன, மாடு இருக்கு" என்றார். போகிறபோது ஆசீர்வாதத்தைத் தூக்கி, "என்னப்பு, மலைக்குப் போயி உங்க சித்திக்கு மதுரைப் படிப்பு வாங்கிக் குடுத்தியாமே" என்றார். இவன் அவர் மீசையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

இனிதான் முக்கியமான சங்கதி. உன் மச்சானின் தங்கை ராக்கு தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். சித்திரையில் பிறக்கும் என்கிறார்கள். நேற்று என் மாமியார் தேன் ஜாடியைத் துடைத்து மேலே வைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் குறும்பு. "சேனை தொட ராக்கையா மாமாவுக்குச் சொல்லி விட்டுருவமா அத்தை?" என்று கேட்டேன்.

முதுகைக் காட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"அவனுக்கென்ன. புலி வந்தா வெரட்டுவான். பச்சப்புள்ள அழுதா வெரட்டவா முடியும்? உந்தங்கச்சி லீவுக்கு எப்ப வர்றா, அதக் கேட்டு எழுது."

எழுதிவிட்டேன்.

மருதாயி


போடிநாயக்கனூர்
11 பிப்ரவரி, புதன், பகல்

அன்புள்ள அக்கா,

மத்தியானச் சாப்பாடு முடிந்து, வேப்பமரத்தடியில் எல்லோரும் பார்க்கும்படி உட்கார்ந்து எழுதுகிறேன். இதை மேட்ரன் படிப்பார். படிக்கட்டும்.

பயமெல்லாம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. நேற்று ராத்திரி பல்லி ஒன்று என் பாயில் விழுந்தது. நான் கத்திய கத்தலில் போர்டிங்கே எழுந்துவிட்டது. மதுரையை நினைத்தாலும் பயமாகத்தான் இருக்கிறது.

சித்திரை விடுமுறைக்கு நேராக ராசிங்காபுரம்தான் வருவேன். உன் மாமியாரிடம் சொல். ராக்கு மதினியிடமும் சொல். இந்தத் தடவை யாரும் கூப்பிட வேண்டாம். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டதும் கையைக் கழுவிக்கொண்டு வாசலில் நிற்பேன்.

அது வரைக்கும் ஆசீர்வாதத்துக்குத் தூக்கம் வராவிட்டால் ஆட்டுக் கதையைச் சொல். குட்டியை விட்டுவிடாதே.

ராமுத்தாய்